மங்கலைத் தீர்மானிக்கும் சாம்பல் படம்

போர்ட்ரெய்ட் மோடில் எடுத்த மகளின் படத்தில் மூக்குக்கண்ணாடியின் ஓரம் பின்னணியோடு கரைந்துவிட்டது, சரிசெய்ய வழியுண்டா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு. பல போன்களில் அந்தப் படத்துக்குள்ளேயே டெப்த் மேப் என்ற இன்னொரு படமும் இருக்கும். அதில் அருகில் இருப்பவை வெளுத்தும் தொலைவில் இருப்பவை கறுத்தும் தெரியும். கோளாறு அதில்தான். ஐபோன் 7 பிளஸ் எடுக்கும் படம் 4032×3024 புள்ளிகள். அதன் டெப்த் மேப்போ வெறும் 768×576. ஏறக்குறைய 28 படப்புள்ளிகளுக்கு ஒரே ஒரு ஆழப்புள்ளி. மெல்லிய கண்ணாடிச் சட்டம் அந்த வலையில் எப்படிச் சிக்கும்?

பெரிய கேமராவில் பின்னணி ஏன் மங்குகிறது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. நீண்ட திண்ணையில் பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்து எதிரே நிற்கும் வேப்பமரத்தைப் பார்க்கிறார்கள். மரத்துக்குப் பின்னால் கோயில் மதில். இடக்கோடியில் இருப்பவருக்கு மரம் மதிலின் வலப்பக்கத்தை மறைக்கும். வலக்கோடியில் இருப்பவருக்கு இடப்பக்கத்தை. பத்துப் பேர் பார்த்ததையும் ஒரே தாளில், மரத்தின் மேல் மரம் பொருந்தும்படி வரைந்தால், மரம் தெளிவாக இருக்கும். மதில் பத்து இடங்களில் விழுந்து கலங்கிவிடும். லென்ஸின் ஒவ்வொரு புள்ளியும் இப்படி ஒரு பார்வையாளர். திண்ணை நீள நீள, கலங்கலும் கூடும்.

போனின் லென்ஸ் மிகக் குட்டையான திண்ணை. அதனால் போன் இரண்டு பேரை மட்டும் உட்காரவைத்து, அவர்கள் பார்வை எவ்வளவு விலகுகிறது என்று அளக்கிறது. வராத எட்டுப் பேர் என்ன பார்த்திருப்பார்கள் என்பதைக் கணக்குப் போட்டு நிரப்புகிறது. எவ்வளவு விலகலோ அவ்வளவு மங்கல். இரண்டுக்கும் ஒரே சூத்திரம். விலகல் தூரத்தின் தலைகீழைப் பொறுத்தது என்பதால், 1 மீட்டருக்கும் 2 மீட்டருக்கும் உள்ள வித்தியாசம், 10 மீட்டருக்கும் 20 மீட்டருக்கும் உள்ளதைப்போலப் பத்து மடங்கு. போன்கள் பெரும்பாலும் தூரத்துக்குப் பதிலாக இந்த விலகலையே சேமிப்பது எவ்வளவு பொருத்தம்!

ஆனால், மதிலோரம் மரத்துக்குப் பின்னால் ஓர் ஆடு நின்றால், திண்ணைக் கோடியில் இருப்பவர் அதைப் பார்த்துவிடுவார். நடுவில் நெருங்கி உட்கார்ந்த இருவருக்கும் தெரியாது. கணக்குப் போடுபவர் ஆட்டுக்குப் பதில் மரப்பட்டையின் நிறத்தை மதிலில் தடவிவிடுவார். உருவத்தைச் சுற்றிப் பல படங்களில் தெரியும் ஒளிவட்டத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். பெரிய கேமராவுக்கு நிகர் என்ற விளம்பரத்தை நான் நம்பாததும் இதனால்தான்.

புதுமை என்ற பேச்சும் அப்படியே. இரண்டு பார்வைகளின் வேறுபாட்டிலிருந்து ஆழம் பிறப்பதை விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டன் 1838-லேயே விளக்கிவிட்டார். டெப்த் மேப்பைக் கொண்டு மங்கலாக்கும் லென்ஸ் ப்ளர் வசதி 2003-இல் ஃபோட்டோஷாப்பில் வந்தது. 2017-இல் வந்த பிக்சல் 2 போன் ஒரே லென்ஸின் இரு பாதிகளை இரு பார்வைகளாக்கியது. இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அது மட்டும் உண்மையிலேயே வியக்கத்தக்கது.

இனி வாசகரின் கண்ணாடி. ஐபோனின் மூலக் கோப்பை ஃபோட்டோஷாப்பில் திறந்தால் சேனல் பட்டியலில் டெப்த் மேப் கிடைக்கும். முகத்தின் சாம்பல் நிறத்தை எடுத்து, ஓரம் கூர்மையான பிரஷ்ஷால் சட்டத்தின் மேல் தீட்டுங்கள். முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே பின்னணி மங்காமல் நின்றால், அங்கே பின்னணியின் சாம்பலைத் தீட்டுங்கள். பிறகு மங்கலாக்காத படத்தின்மீது லென்ஸ் ப்ளர் போடுங்கள். அழகாக இருக்குமே என்று மேப்பின் ஓரத்தை மழுப்பிவிடாதீர்கள். இடைப்பட்ட சாம்பல் என்றால், முகத்துக்கும் சுவருக்கும் நடுவே அந்தரத்தில் ஏதோ தொங்குகிறது என்றே மென்பொருள் எடுத்துக்கொள்ளும்.

தலைமுடிக்கு இந்த வைத்தியம் பலிக்காது. ஒரே புள்ளியில் முடியும் இருக்கும், சுவரும் இருக்கும். ஒற்றைச் சாம்பல் எதைச் சொல்லும்? இதைச் சமாளிக்கத்தான், 2018-இல் ஐஓஎஸ் 12 வந்தபோது, உருவத்தின் விளிம்புக்கென்று தனியாக ஒரு படத்தையும் ஆப்பிள் சேமிக்கத் தொடங்கியது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் டெப்த் மேப் உடன் வராது. படம் எடுத்தவரிடம் மூலக் கோப்பையே கேட்டு வாங்குங்கள்.