பீங்கான் என்று சொன்னால் போதுமா?
(ஜப்பானியத் தூபக்கால்கள் பற்றிச் சில செய்திகள்)

மராத்தியில் ‘காசார்’ என்றால் பித்தளை, வெண்கலப் பாத்திர வியாபாரி. நம்மவர் வாயில் கசார்வாடி ஆகிவிட்ட இவ்வூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அடியேன் பீங்கானைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு.

சில வருஷங்களுக்கு முன் புனே ஜூனா பஜாரில் ஒரு ஜப்பானியத் தூபக்கால் வாங்கினேன். மூன்று கால், துளையிட்ட மூடி, மூடிமேல் சிங்கம், உடலெங்கும் தங்கப் பூவேலை. ‘அசல் பீங்கான்’ என்று சொல்லி ஓர் அன்பருக்கு விற்றேன். அவர் வீட்டில் நம்ம வழக்கப்படி தணலை நேரே கொட்டிச் சாம்பிராணி போட்டார்கள். படீரென்று உடைந்தது. உடைந்த வாய் வெள்ளையாக இல்லை, மங்கிய மஞ்சள்! அப்புறம்தான் தேடிப் படித்தேன்.

1592 முதல் 1598 வரை ஜப்பான் கொரியாமீது படையெடுத்தபோது, கொரியக் குயவர்கள் பலர் கியூஷூ தீவுக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கே அரிதா என்னும் ஊரில் 1616-இல் பீங்கானுக்குரிய வெண்கல்லை ரி சம்பெய் என்ற கொரியர் கண்டறிந்தார் என்பது மரபு. அச்சரக்கு இமாரி துறைமுகம் வழியாகப் போனதால் ‘இமாரி’ எனப் பெயர் பெற்றது. இது மெய்யான பீங்கான். அதே தீவின் தெற்கே சத்சுமாவில் கொரியக் குயவர் வழியில் வளர்ந்தது வேறு சரக்கு: மெருகிட்ட மண்பாண்டம். 1867 பாரிஸ் கண்காட்சிக்குப் பின் மேனாட்டார் இதை விரும்பி வாங்கினர். கியோட்டோ, யோகோஹாமா பட்டறைகளிலும் ஏற்றுமதிக்கென்றே செய்து குவித்தார்கள். என் கைக்கு வந்தது இந்த இனம்.

தமிழில் இரண்டையும் பீங்கான் என்றே சொல்லிவிடுகிறோம். வம்பு அங்கேதான். பிரித்தறிவது எளிது. பீங்கானின் மெல்லிய பகுதியை விளக்கொளியில் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவும்; சுண்டினால் மணிபோல் ஒலிக்கும். சத்சுமா பாலேட்டு நிறம், மெருகில் சிலந்திவலைபோல் நுண்கோடுகள், ஒலி மந்தம். அடியில் ஆங்கிலத்தில் ‘நிப்பான்’ என்றிருந்தால் பெரும்பாலும் 1891-க்கும் 1921-க்கும் இடைப்பட்டது. அது அமெரிக்கச் சுங்கச் சட்டத்துக்காக இட்ட முத்திரை.

ஜப்பானியர் தணலை நேரே போடுவதில்லை. கலத்தில் சாம்பல் நிரப்பி, சிறு கரித்துண்டைப் புதைத்து, மேலே அப்பிரகத் தகடு வைத்து, அதன்மேல் அகில் துணுக்கை இடுவார்கள். கட்டை எரியாது, சூட்டில் மணம் மட்டும் எழும். கலத்தின் சுவரில் நெருப்பு படாது.

ஹைதராபாத் போகிறவர்கள் சாலார் ஜங் அருங்காட்சியகத்தின் ஜப்பானியப் பகுதியை அவசியம் பாருங்கள். சத்சுமா வேலைப்பாட்டை அங்கே நிதானமாகக் காணலாம்.

அன்பரின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ‘தெரியாமத்தானே சொன்னீங்க, விடுங்க’ என்றார். தெரியாமல் சொன்னாலும் வாங்கினது பீங்கான் விலை அல்லவா? வாய்மை எங்கள் அணுவிரதங்களில் ஒன்று. விற்கும் பொருளைத் தெரிந்துகொள்வதும் அதில் சேர்ந்ததுதான் என்பதை அந்த உடைந்த தூபக்கால் எனக்குக் கற்றுத் தந்தது. இன்றும் அது என் கல்லாப்பெட்டி பக்கத்தில் இருக்கிறது.