துருவைத் துரத்தும் மணல்

காற்று பலமாக அடிக்கும் நாளில் கடற்கரையில் நடந்திருக்கிறீர்களா? காலில் சுருக் சுருக்கென்று ஊசி குத்துவது போல் இருக்கும். குத்துவது காற்றல்ல, காற்று தூக்கி வரும் மணல். ஒரு மணல் துகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். எடை இருப்பதாகவே தெரியாது. அதே துகள் வேகம் பெற்றுவிட்டால் வலிக்கச் செய்கிறது. ஏன்? இயக்க ஆற்றல் நிறைக்கு நேர் விகிதத்தில் கூடும். ஆனால் வேகத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் கூடும் என்று இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். வேகம் 10 மடங்கானால் ஆற்றல் 100 மடங்காகிறது.

பாலைவனங்களில் இந்த மணற்காற்று பாறைகளின் அடிப்பாகத்தை அரித்து அரித்து, அவற்றைக் காளான் வடிவத்தில் நிறுத்தி விடுகிறது. இயற்கை ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் செய்யும் இந்த வேலையை ஒரு குழாய்க்குள் அடக்கிச் சில நிமிடங்களில் செய்து முடிக்க வழி கண்டு, 1870-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார் ஓர் அமெரிக்கர். பிலடெல்பியா நகரத்தைச் சேர்ந்த அவர் பெயர் பெஞ்சமின் சூ டில்க்மன். நீராவியாலோ காற்றாலோ மணலை வேகமாகச் செலுத்திக் கல், கண்ணாடி, உலோகம் ஆகியவற்றைச் செதுக்கலாம், சுத்தம் செய்யலாம் என்பது அவர் கண்ட முறை. இதைத்தான் பட்டறைகளில் ‘சாண்ட் பிளாஸ்டிங்’ என்கிறார்கள். நாம் மணல் வீச்சு என்று அழைப்போம்.

கப்பல் கட்டும் தளங்களிலும் பெரிய ஆலைகளிலும் இருந்த இந்தச் சாதனம் பிற்காலத்தில் சிறிதாகி வீட்டுக்கே வந்துவிட்டது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பழைய கார்களை வாங்கிப் புதுப்பிப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. எடுத்துக்காட்டாக, போர்டு கம்பெனியின் ‘மாடல் ஏ’ கார். 1927 முதல் 1931 வரை ஏறக்குறைய 48 இலட்சம் கார்கள் உற்பத்தியாயின. இப்போதும் யாராவது ஒருவர் ஏதோ ஒரு பண்ணைக் கொட்டகையில் ஒன்றைக் கண்டுபிடித்து, இழுத்து வந்து வீட்டுக் கார் கொட்டகையில் நிறுத்துகிறார். மேலே பெயிண்ட், கீழே கிரீஸ், நடுவில் எங்கு பார்த்தாலும் துரு. வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் சாலையில் உறையும் பனியை உருக்க உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு நீர் காரின் அடிப்பாகத்தில் தெறித்து இரும்பைத் தின்கிறது.

துருவின் மேலேயே பெயிண்ட் அடித்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். துரு, இரும்பைப் போல் கெட்டியான பொருளல்ல; நுண்துளைகள் நிறைந்தது. ஈரத்தையும் உப்பையும் பஞ்சு போல் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலும், இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகுகிறது. ஆகவே அது உள்ளிருந்து பெயிண்டைத் தள்ளிக் கொப்புளமாக்கி விடும். சரி, கம்பி பிரஷ்ஷால் தேய்க்கலாமா? தேய்த்தால் மேடுகள் மட்டும் பளபளக்கும். துரு தோண்டிய சிறு குழிகளின் அடியில் கம்பி எட்டாது. மணல் துகளோ குழிக்குள்ளேயே பாய்ந்து துருவை உடைத்து வெளியேற்றுகிறது. அத்துடன் தகட்டின் மேற்பரப்பைச் சற்றுச் சொரசொரப்பாக்கியும் விடுகிறது. பெயிண்ட் பிடித்துக்கொள்ள அந்தச் சொரசொரப்பு வேண்டும்.

காற்றுக் கணக்கு

வீட்டுச் சாதனத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், துப்பாக்கி போன்ற கைப்பிடிக்குள் காற்று விரைந்து பாய, அங்கே அழுத்தம் குறைகிறது. அதனால் வாளியில் இருக்கும் மணல் ஒரு குழாய் வழியே உறிஞ்சப்பட்டு வந்து காற்றோடு சேர்கிறது. கொசு மருந்து அடிக்கும் பம்பு வேலை செய்வதும் இப்படித்தான். மற்றொன்றில் மணல் உள்ள கலத்தையே அழுத்தக் காற்றால் நிரப்பி, மணலைக் குழாய்க்குள் தள்ளுகிறார்கள். இரண்டாவது வகையில் வேகம் அதிகம், வேலையும் விரைவு.

எந்த வகையானாலும் வீட்டில் முதலில் முட்டிக்கொள்வது கம்ப்ரஸரில்தான். 1/8 அங்குலத் துளையுள்ள நாசில் வழியே, சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில், நிமிடத்துக்குச் சுமார் 17 கன அடி காற்று வெளியேறுகிறது. ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 4 கன அடி காற்று கிடைக்கும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் இந்தச் சின்னஞ்சிறு துளைக்கே நான்கு குதிரைத்திறனுக்கு மேல் வேண்டும்! சாதாரணமாக வீட்டில் இருக்கும் இரண்டு குதிரைத்திறன் கம்ப்ரஸர் 8 கன அடிதான் தரும். ஒரு நிமிடம் வீசினால், தொட்டியில் மறுபடி காற்று சேரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இதில் இன்னொரு வேடிக்கை. பாயும் மணல் துருவை மட்டுமா அரிக்கும்? தான் வெளிவரும் நாசிலையும் அரிக்கிறது. 1/8 அங்குலத் துளை தேய்ந்து 3/16 அங்குலம் ஆகிவிட்டதென்று வையுங்கள். விட்டம் ஒன்றரை மடங்கு. பரப்பு அதன் இருமடி, அதாவது இரண்டேகால் மடங்கு. இப்போது 17 கன அடி போதாது, 38 வேண்டும்! இதனால்தான் நாசிலை சாதாரண எஃகில் செய்யாமல் பீங்கானிலோ டங்ஸ்டன் கார்பைடிலோ செய்கிறார்கள்.

காற்றில் ஒளிந்திருக்கும் தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 30 டிகிரி வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று அதிக அளவாகச் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 70 சதவீதம் உள்ள நாளில் அதில் 21 கிராம் இருக்கும். இப்படிப்பட்ட 8 கன மீட்டர் காற்றை ஒரு கன மீட்டராக அமுக்குங்கள். உள்ளே இருப்பது 168 கிராம். குளிர்ந்தபின் தாங்கக்கூடியது 30 கிராம்தான். மீதி 138 கிராம் தண்ணீராக வடிந்தாக வேண்டும். மேலே சொன்ன சிறிய கம்ப்ரஸர் அரைமணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடினாலே இந்த அளவு காற்றை இழுத்துவிடும். இந்தத் தண்ணீரை வழியிலேயே பிடித்து வடிக்காவிட்டால் மணல் கட்டி கட்டியாகி நாசிலை அடைத்துக்கொள்ளும். புதிதாகச் சாதனம் வாங்கியவர்கள் ‘இது வேலை செய்யவில்லை’ என்று அலுத்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் காரணம் இந்தத் தண்ணீர்தான்.

வளையும் தகடு

கடினமான கண்ணாடியை அரிக்கும் மணல், மென்மையான ரப்பரை ஒன்றும் செய்வதில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? கண்ணாடி நொறுங்கும் தன்மையுடையது. அடி விழுந்த இடத்தில் சில்லு பெயர்ந்து விடும். ரப்பர் அமுங்கி, வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுத்துத் துகளை எகிறச் செய்கிறது. கண்ணாடியிலும் கல்லறைக் கற்களிலும் எழுத்துப் பொறிப்பவர்கள், எழுத்து வெட்டிய ரப்பர் தாளை ஒட்டி, அதன் மேல் மணலை வீசுவது இந்த உண்மையைப் பயன்படுத்தித்தான். கார் வேலையிலும் மணல் படக்கூடாத இடங்களை ரப்பரால் மறைக்கிறார்கள்.

எஃகுத் தகடு இந்த இரண்டு வகையிலும் சேராது. ஒவ்வொரு துகளும் அதில் ஒரு நுண்ணிய பள்ளத்தை உண்டாக்குகிறது. அதாவது ஆயிரமாயிரம் குட்டிச் சுத்தியல்கள் ஒரு பக்கத்தை மட்டும் தட்டுகின்றன. தட்டப்பட்ட பக்கம் பரந்து விரிய முயல்கிறது. மறுபக்கம் அப்படியே இருக்கிறது. விளைவு, தகடு வீச்சு பட்ட பக்கமாகப் புடைத்து வளைகிறது. உராய்வுச் சூட்டினால் வளைகிறது என்று பலர் சொல்வதுண்டு. ஆனால் முக்கியக் காரணம் இந்தத் தட்டல்தான். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் பணியாற்றிய ஜான் ஆல்மன் என்பவர் 1940-களில் இந்த வளைவையே அளவுகோலாக்கினார். ஸ்பிரிங்குகளுக்கு உறுதி ஏற்ற அவற்றின் மேல் எஃகுக் குண்டுகளை வீசும்போது, பக்கத்தில் ஒரு மெல்லிய எஃகுப் பட்டையையும் வைத்து, அது எவ்வளவு வளைகிறது என்று பார்ப்பார்கள். ஆல்மன் பட்டை என்று அதற்குப் பெயர். ஸ்பிரிங்குக்கு நன்மை செய்யும் அதே விளைவு, காரின் பானெட்டுக்குத் தீமையாகிறது.

ஆகவே விவரம் தெரிந்தவர்கள் பானெட், கூரை, கதவு போன்ற பரந்த மெல்லிய தகடுகளைக் கடினத் துகளிடம் காட்டுவதில்லை. சேசிஸ், சக்கரம், ஆக்சில் போன்ற தடித்த பாகங்களுக்கே அதைப் பயன்படுத்துகிறார்கள். எண்ணெய் ஓடும் துளைகளுள்ள எஞ்சின் பாகங்களில் இன்னும் எச்சரிக்கை தேவை. ஒரு மூலையில் ஒளிந்துகொண்ட சில துகள்கள் எண்ணெயோடு கலந்து பேரிங்கை அடைந்தால், எஞ்சின் சீக்கிரமே பழுதாகும்.

கண்ணுக்குத் தெரியாத தூசி

மணல் வீச்சு என்று இவ்வளவு நேரம் சொல்லி வந்தோம். ஆனால் மணலை வீசவே கூடாது என்பதுதான் இதில் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது.

சாதாரண மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது படிக வடிவச் சிலிகா. கடற்கரையில் கிடக்கும்போது அதனால் தீங்கில்லை. துகள் பெரிது, மூக்கோடு நின்றுவிடும். எஃகின் மேல் வேகமாக மோதும்போது அது சுக்குநூறாக உடைகிறது. ஒரு மைக்ரான், இரண்டு மைக்ரான் அளவுத் துணுக்குகள் உண்டாகின்றன. (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, நம் தலைமயிரின் தடிமன் சுமார் 70 மைக்ரான்.) மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு உள்ள மணல் துகள் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து மூன்று நான்கு விநாடியில் தரைக்கு வந்துவிடும். ஒரு மைக்ரான் துணுக்கு அதே தூரம் இறங்க, அசையாத காற்றிலேயே ஏறக்குறைய ஆறு மணி நேரமாகும்! வேலை முடிந்து, தூசி அடங்கிவிட்டது என்று முகமூடியைக் கழற்றுகிறவர் உண்மையில் அந்தத் தூசிக்குள்ளேதான் நிற்கிறார்.

இதை நீங்களே தண்ணீரில் சோதித்துப் பார்க்கலாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தோட்டத்து மண் ஒரு பிடியும் தண்ணீரும் போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் சில விநாடிகளில் அடியில் தங்கிவிடும். மேலே உள்ள கலங்கல் மறுநாள் காலையிலும் முழுவதும் தெளிந்திராது. துகள் சிறுத்தால் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது.

மூச்சோடு உள்ளே போன துணுக்கு நுரையீரலின் காற்றறைகளை அடைகிறது. அங்கே காவல் புரியும் விழுங்கு செல்கள் அதைக் கிருமி என்று எண்ணி விழுங்குகின்றன. கிருமியானால் செரித்துவிடும், சிலிகாவைச் செரிக்க முடியாது. செல்தான் இறக்கிறது. துணுக்கு வெளியே வர, அடுத்த செல் அதை விழுங்குகிறது, அதுவும் இறக்கிறது. இப்படியே நடந்து நடந்து, அந்த இடத்தில் தழும்புத் திசு வளர்ந்து நுரையீரல் விறைத்துப் போகிறது. இந்த நோய்க்கு சிலிகோசிஸ் என்று பெயர். இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. காசநோய் எளிதில் தொற்றவும் இது வழிசெய்கிறது. தூசியை விட்டு விலகிய பிறகும் நோய் வளர்ந்துகொண்டே போவதுண்டு.

பிரிட்டன் 1949-ஆம் ஆண்டு விதிகளிலேயே வார்ப்படங்களையும் மற்றப் பொருள்களையும் சுத்தம் செய்யும் வீச்சு வேலைக்கு மணலைத் தடை செய்துவிட்டது. அமெரிக்காவில் தொழிலாளர் நலம் பற்றி ஆராயும் அரசு நிறுவனம் 1974-இல் இதே பரிந்துரையைச் செய்தது. துருக்கி நாட்டின் கதை இன்னும் வேதனையானது. புது ஜீன்ஸ் துணியைப் பழசு போல் வெளுக்கச் செய்ய, அங்கே சிறு பட்டறைகளில் இளைஞர்கள் துணியின் மேல் மணலை வீசி வந்தார்கள். அவர்களில் பலர் சிலிகோசிஸ் நோய்க்கு ஆளாகி, இளம் வயதிலேயே இறந்தனர். 2009-இல் அந்நாட்டு அரசு அந்த முறையைத் தடை செய்தது. கால்சட்டை பழசாகத் தெரிவதற்காக இவ்வளவு பெரிய விலை!

மணலுக்குப் பதில் எதை வீசுவது? கண்ணாடி மணிகள், அலுமினியம் ஆக்சைடு, கார்னெட் என்று பல உண்டு. கார்னெட்டிலும் சிலிகன் இருக்கிறது. ஆனால் அது மற்றத் தனிமங்களோடு பிணைந்து சிலிகேட்டாக இருப்பதால் குவார்ட்ஸைப் போல் அபாயம் இல்லை. இந்தச் செந்நிறத் துகள் நமக்குப் புதியதல்ல. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைகளில் சிவப்புத் திட்டுகளாகத் தெரிவது இதுதான். அங்கிருந்து பல ஆண்டுகள் கப்பலேறி வெளிநாட்டுப் பட்டறைகளுக்குப் போனது. மெல்லிய தகட்டின் பெயிண்டை மட்டும் உரிக்க சமையல் சோடாவை வீசுகிறார்கள். 1980-களில் நியூயார்க் சுதந்திர தேவி சிலையைப் புதுப்பித்தபோது, செப்புத் தகட்டின் உட்புறத்தில் பூசியிருந்த தாரை நீக்கியது இந்தச் சோடாதான். துருவிடம் அதன் ஜம்பம் பலிக்காது.

துகளை மாற்றினால் மட்டும் போதாது. பழைய கார்களின் பெயிண்டிலும் தகட்டு இணைப்புகளிலும் ஈயம் இருக்கக்கூடும். அதுவும் தூசியாகப் பறக்கும். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொள்வது இதற்குச் சல்லடையால் தண்ணீரைத் தடுப்பது போன்றது. சிறு பாகங்களானால், கண்ணாடிச் சன்னலும் உள்ளே கைவிட நீண்ட ரப்பர் கையுறைகளும் தூசியை இழுத்து வடிகட்டும் விசிறியும் உள்ள மூடிய பெட்டிக்குள் வைத்து வீசலாம். சேசிஸ் போன்ற பெரிய பாகமானால், வெளியிலிருந்து தூய காற்று வரும் தலைக்கவசம் வேண்டும். அந்த வசதி இல்லாதவர்கள் அதைத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிடுவதே நல்லது. மாணவர்கள் இந்தச் சாதனத்தை இயக்கும் இடத்தில் வேடிக்கை பார்க்கக்கூட நிற்க வேண்டாம்.

துரு நீங்கிய எஃகு மங்கிய வெள்ளி போல் இருக்கும். அதை வெறுங்கையால் தொட்டால் வியர்வையில் உள்ள உப்பே விரல் ரேகையைத் துருவாக வரைந்துவிடும். ஈரக்காற்றில் ஓர் இரவு வைத்திருந்தால் போதும், காலையில் செம்மை படர்ந்திருக்கும். அதனால் தூசியை நன்றாக நீக்கியபின், அன்றைக்கே, முடிந்தால் சில மணி நேரத்துக்குள், பிரைமர் பூசிவிடுகிறார்கள்.