கிருமிகளின் கைமாத்து

பெரியப்பா நீட்டிய காகிதத்தில் பதினான்கு மருந்துகளின் பெயர்கள் இருந்தன. பத்துக்கு நேரே 'ஆர்' என்று ஒற்றை எழுத்து. மீதி நாலுக்கு மட்டும் 'எஸ்'.

"என்னலே போட்டிருக்கான்? நீதான் பெரிய படிப்பு படிச்சவனாச்சே!"

நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த 'ஆர்' எல்லாம் ரிட்டர்ன்ஸ், ரிசர்வ் பேங்க், மிஞ்சிப் போனால் ரம்யா கிருஷ்ணன். "ரிஜெக்டட்னு போட்டிருக்கான் பெரியப்பா" என்றேன் தைரியமாக.

"யார ரிஜெக்ட் பண்ணிருக்கான்? என்னையா?"

பெரியப்பாவுக்கு 74 வயது. ஏரலில் வாழைக்காய் மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்து ரிட்டையர் ஆனவர். நீர்க்கடுப்பு ஒரு வருஷத்தில் மூன்றாவது தடவை. இந்த முறை குளிர்ஜுரம் வேறு. தூத்துக்குடிக்கு அழைத்துப் போய், சிறுநீரில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்கு அது சாகும், எதற்குச் சாகாது என்று லேபில் எழுதிக் கொடுத்த காகிதம்தான் அது. ஆர் என்றால் ரெசிஸ்டன்ட். மருந்தைப் பார்த்து, 'போடா, உன்னை மாதிரி எத்தனை பேரைப் பாத்திருக்கேன்' என்று கிருமி சொல்வதாக அர்த்தம்.

அன்று சாயங்காலம் ஏரலில் அவர் வீட்டு பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஸ்டாக் எடுத்தேன். (பி.காம். புத்தி.) 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏரல் கடைத்தெருவே மிதந்தபோது பத்திரமாகப் பரணுக்குப் போன டப்பா அது. சிப்ரோஃப்ளாக்சசின் மூன்று. கோட்ரைமாக்சசோல் ஐந்து. டாக்சிசைக்ளின் இரண்டு. அமாக்சிசிலின் நாலு. ஒவ்வொன்றும் பாதி அட்டை. எரிச்சல் நின்ற மறுநாளே மாத்திரையையும் நிறுத்திவிடுவது பெரியப்பாவின் கொள்கை. மெடிக்கல் ஸ்டோர் அண்ணாச்சியும் சீட்டு கேட்காமல் கத்தரிக்கோலால் நறுக்கி, "நாலு போதுமா?" என்று கொடுத்துவிடுவார்.

"சரிலே, இதெல்லாம் நான் தின்னது. இதுக்கு அது பழகிருச்சுன்னா ஒத்துக்கிடுதேன். ஆனா இந்தக் கடைசியில போட்டிருக்கானே ஒரு ஊசி மருந்து... இத என் சென்மத்துல போட்டது கெடையாது. போடாத ஊசிக்கு எப்படிலே பழகிச்சு?"

கணக்குப்பிள்ளை கேட்ட கேள்வி. பற்று எழுதாமல் வரவு எப்படி வந்தது? பாளையங்கோட்டையில் மைக்ரோபயாலஜி படித்த சிநேகிதனைப் பிடித்தேன். அவன் கொடுத்த பேப்பர்களையெல்லாம் ஒரு மாதம் உட்கார்ந்து படித்தேன். பாதி புரிந்தது. புரிந்த பாதியே தூக்கத்தைக் கெடுத்தது.

நமக்கெல்லாம் சொத்து வருவது ஒரே வழி. தாத்தா, அப்பா, நாம். மூக்கு, வழுக்கை, கோபம் எல்லாம் மேலிருந்து கீழே இறங்கும். பக்கத்து வீட்டுக்காரரோடு கை குலுக்கினால் அவருடைய சுருட்டை முடி நமக்கு வந்துவிடாது. பாக்டீரியாவுக்கு வரும்! அதற்கும் பரம்பரைச் சொத்து உண்டு. அது தவிர, பாக்டீரியாவின் உடம்பில் தனியாக, வளையம் வளையமாகச் சில டி.என்.ஏ. துண்டுகள் சுற்றிக்கொண்டிருக்கும். பேர் பிளாஸ்மிட். 1952-ல் இந்தப் பேரை வைத்தவர் அமெரிக்காவின் ஜோஷுவா லெடர்பர்க். பாக்டீரியா ஒரு குழாய் மாதிரிக் கையை நீட்டிப் பக்கத்தில் இருப்பவனைத் தொட்டு, வளையத்தில் ஒரு காப்பி எடுத்துக் கொடுத்துவிடும். வாங்குகிறவன் சொந்த ஜாதியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

மண்டி பாஷையில் சொன்னால் கைமாத்து. பத்திரம் கிடையாது, பேரேட்டில் ஏறாது. ஒரே வித்தியாசம், நம் கைமாத்தில் கொடுத்தவன் பை காலியாகும். இங்கே கொடுத்தவனிடமும் இருக்கும், வாங்கியவனிடமும் இருக்கும். எந்த ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் வாய்க்காத பிசினஸ்.

1959-ல் ஜப்பானில் இது கையும் களவுமாகப் பிடிபட்டது. சீதபேதி நோயாளிகளின் கிருமி நாலு மருந்துக்கு ஒரே சமயத்தில் மசியவில்லை. சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்ஃபெனிகால், டெட்ராசைக்ளின். ஒவ்வொன்றாகப் பழகியிருந்தால் ஒவ்வொன்றாகத்தானே வந்திருக்க வேண்டும்? ஓச்சியாய், அகிபா என்ற இருவர் தனித்தனியாகச் சோதனை செய்து, நாலு எதிர்ப்புச் சக்தியும் மொத்தமாக ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதைக் காட்டினார்கள். ஒரே கவரில் நாலு செக்!

பெரியப்பாவின் கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. எங்கோ, யாருக்கோ போட்ட ஊசிக்குப் பழகிய ஒரு ஜீன். அது இருக்கும் அதே வளையத்தில் சிப்ரோவுக்கோ கோட்ரைமாக்சசோலுக்கோ தாக்குப் பிடிக்கும் ஜீனும் இருக்கலாம். பெரியப்பா நாலு மாத்திரை போட்டு வளையம் இல்லாதவர்களைக் கொன்றுவிட்டார். வளையம் உள்ளவன் பிழைத்தான், பெருகினான். போடாத ஊசிக்கான எதிர்ப்பும் கூடவே பெருகியது. நம் குடலில் இருக்கும் பாக்டீரியாக் கூட்டம் ஆடி அமாவாசைக்கு ஏரல் சேர்மன் கோயிலில் தாமிரபரணிக் கரை முழுக்க நிற்கும் கூட்டத்தைப் போலக் கோடிக்கணக்கான மடங்கு. அத்தனை நெரிசலில் செருப்பு மாறாமலா இருக்கும்?

இதெல்லாம் ஜப்பான் கதை என்று தள்ளிவிடாதீர்கள். நம்ம சென்னைக்கே இதில் ஒரு பெரிய பெயர் இருக்கிறது. பெருமைப்படத்தான் முடியாது.

1992 அக்டோபர். அப்போது மெட்ராஸ். காலரா வந்தது. எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் கோபம் வந்தால் கிழவிகள் 'பேதியில போவான்' என்று ஏசுகிறார்களே, அந்தப் பேதி. டாக்டர்களுக்குக் காலரா புதிதில்லை. கிருமிதான் புதிது. காலராக் கிருமியின் மேல்சட்டையை வைத்து நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்களாகப் பிரித்து நம்பர் போட்டிருந்தார்கள். அதில் ஊரையே வாரிக்கொண்டு போகும் கொள்ளைநோயைக் கொண்டுவருவது 'ஓ-1' என்ற முதல் நம்பர் மட்டும்தான் என்பது அதுவரை வேதவாக்கு. சென்னையில் கிடைத்த கிருமி ஓ-1 சோதனையில் சிக்கவில்லை. தெரிந்த 138 நம்பர்களிலும் அது இல்லை. 139-ஆம் நம்பர் கொடுத்தார்கள்.

வங்கக் கடலோரமாகவே அது ஊர் ஊராக ஏறியது. வேலூர், மதுரை, கல்கத்தா, அப்புறம் வங்கதேசம். அங்கே 1993-ன் முதல் சில மாதங்களிலேயே ஒரு லட்சம் பேருக்கு மேல் படுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த ஊரில் காலரா பெரும்பாலும் குழந்தைகளைத்தான் தாக்கும். பெரியவர்கள் ஏற்கனவே அடிபட்டு உடம்பில் எதிர்ப்பு வைத்திருப்பார்கள். இந்தத் தடவை பெரியவர்களே சுருண்டு விழுந்தார்கள். உடம்பு பழைய சட்டையை அடையாளம் வைத்திருந்தது. வந்தவனோ புதுச் சட்டையில் வந்தான்.

பின்னால் அவன் ஜீன்களை அலசியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஆள் பழைய ஓ-1 குடும்பத்துப் பையன்தான். சட்டை தைக்கும் ஜீன்களை மட்டும் கழற்றி எறிந்துவிட்டு, வேறொரு ரகத்திலிருந்து வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறான். எங்கே மாற்றினான்? 2005-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். காலராக் கிருமி கழிமுகத்தில், உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில், இறால் நண்டு ஓட்டில் ஒட்டிக்கொண்டு வாழும். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயல் மாதிரி இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டின் மேல் உட்கார்ந்தால்தான் அதற்கு ஒரு புத்தி வருகிறது. செத்துப்போன மற்ற கிருமிகளின் டி.என்.ஏ.யை உறிஞ்சித் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. 2007-ல், ஓ-1 கிருமியை நண்டு ஓட்டில் விட்டு, 139-ன் சட்டையைப் போட வைத்தும் காட்டிவிட்டார்கள். 2015-ல் வந்த சேதி இன்னும் மோசம். ஓட்டின் மேல் பக்கத்தில் இருப்பவனைக் குத்திக் கொன்றுவிட்டே அவன் டி.என்.ஏ.யை எடுத்துக்கொள்கிறதாம். இதைக் கைமாத்து என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

சட்டை மட்டுமா? காலராவை காலரா ஆக்கும் விஷமே இரவல்தான்! குடலை அரிசி கழுவிய தண்ணீராக ஓட வைப்பது ஒரு விஷம் என்று 1959-ல் முயல் குடலை வைத்து நிரூபித்தவர் கல்கத்தாவின் சம்பு நாத் டே. உள்ளூரில் அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. 1985-ல் பெரிய விருது எதுவும் இல்லாமலே போய்ச் சேர்ந்தார். அவரை நோபல் பரிசுக்குச் சிபாரிசு செய்தவர் யார் தெரியுமா? பிளாஸ்மிட்டுக்குப் பேர் வைத்த அதே லெடர்பர்க். வெளிநாட்டுக்காரன் சொன்னால்தான் நமக்குப் புரியும், அது கிடக்கட்டும். 1996-ல் வால்டர், மெக்கலனோஸ் என்ற இருவர், அந்த விஷத்தின் ஜீன் காலராக் கிருமிக்குச் சொந்தமில்லை என்று கண்டுபிடித்தார்கள். ஒரு வைரஸ் உள்ளே புகுந்து, கிருமியின் டி.என்.ஏ.யில் தன்னைத் தைத்துக்கொண்டு, கொண்டுவந்த சரக்கையும் வைத்துவிட்டது. வைரஸ் வராத காலராக் கிருமி பெரும்பாலும் கழிமுகத்து அப்பாவி.

பெரியப்பாவுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட கட்டம் இனிமேல்தான்.

சென்னைக் கிருமி மருந்துகளுக்கும் மசியவில்லை. வால்டர் குழு அதையும் 1996-லேயே குடைந்து பார்த்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் எழுத்து நீளத்தில் ஒரு டி.என்.ஏ. துண்டு. (காலராக் கிருமியின் மொத்த டி.என்.ஏ.யே 40 லட்சம் எழுத்துதான்.) இது வளையமாகத் தனியே சுற்றுவதில்லை. பரம்பரை டி.என்.ஏ.க்குள்ளேயே, நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும். வேளை வந்தால் தன்னைக் கத்தரித்து வளையமாகி, அடுத்த கிருமிக்குத் தாவி, அங்கேயும் போய் உட்காரும். பெட்டிக்குள் சல்ஃபாமெதாக்சசோல், டிரைமெத்தோப்ரிம், குளோராம்ஃபெனிகால், ஸ்ட்ரெப்டோமைசின் எல்லாவற்றுக்கும் மாற்று மருந்து. முதல் இரண்டும் சேர்ந்ததுதான் டப்பாவில் இருந்த கோட்ரைமாக்சசோல். அந்த ஜோடியின் சுருக்கெழுத்தையே வைத்து இந்தப் பெட்டிக்கு எஸ்.எக்ஸ்.டி. என்று பேர்.

இது எப்போது தாவும்? துறைமுக ஜில்லாக்காரர்களுக்கு எஸ்.ஓ.எஸ். தெரியும். கப்பல் மூழ்கும்போது அனுப்பும் அபயக்குரல். டி.என்.ஏ. அடிபட்டால் பாக்டீரியாவும் உள்ளுக்குள் ஓர் அபாய மணி அடிக்கும். அதற்கு விஞ்ஞானிகள் வைத்த பேரும் எஸ்.ஓ.எஸ்.தான். 2004-ல் ஒரு சோதனை: எஸ்.எக்ஸ்.டி. உள்ள காலராக் கிருமிக்குச் சிப்ரோஃப்ளாக்சசினைக் கொடுத்தார்கள். டி.என்.ஏ. அடிபட்டது, மணி அடித்தது. எஸ்.எக்ஸ்.டி.யைப் பூட்டி வைத்திருந்த புரதம் உடைந்தது. பெட்டி கிளம்பிப் பக்கத்துக் கிருமிகளுக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு வேகமாகத் தாவியது. மருந்தைப் போட்டால் கிருமி சாகும் என்பது பாதிக் கதை. சாகாமல் தப்புகிறவன் பதறிப்போய்ப் பெட்டியைப் பக்கத்து வீட்டுக்கு எறிகிறான். அதாவது மாத்திரையே எதிர்ப்புச் சக்தியின் ஏஜென்ட்!

இதைப் படித்த அன்று எனக்கு பிஸ்கட் டப்பாதான் ஞாபகம் வந்தது.

139 பிறகு என்ன ஆனது? உலகத்தின் எட்டாவது காலரா பரவல் இதுதான் என்று பயந்தார்கள். ஆகவில்லை. ஓரிரு வருஷத்தில் பழைய ஓ-1 திரும்பி வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் திரும்பி வந்தவனிடம் எஸ்.எக்ஸ்.டி. இருந்தது! விருந்தாளி போய்விட்டான், பெட்டி தங்கிவிட்டது. 2010-ல் உலகத்தின் அந்தக் கோடியில் ஹெய்ட்டியில் காலரா வந்தபோது அந்தக் கிருமியிலும் இதே குடும்பத்துப் பெட்டிதான்.

அதே 2010-ல் இன்னொரு தலைப்புச் செய்தி வந்தது. கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பாபெனம் ஊசிகளையே உடைக்கும் என்.டி.எம்.-1 ஜீன். பேரில் புதுடெல்லி இருந்ததால் டெல்லிக்குக் கோபம் வந்து, பேர் சரியா தப்பா என்றே மாதக்கணக்கில் சண்டை. அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் பெயர் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னை நோயாளிகளின் கிருமிகளும் அதில் இருந்தன. மறு வருஷம் டெல்லியில் தேங்கி நின்ற தண்ணீரில் 171 மாதிரி எடுத்தார்கள். 51-ல் அந்த ஜீன். குழாய்த் தண்ணீரில் 50-க்கு 2. அங்கே அதைச் சுமந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர், நம் பழைய சிநேகிதர் காலராக் கிருமி.

பெரியப்பாவுக்கு அந்த நாலு 'எஸ்'ஸில் ஒன்றை ஏழு நாள் ஊசியாக ஏற்றினார்கள். மூன்றாம் நாள்தான் ஜுரம் இறங்கியது. இரண்டாம் நாள் ராத்திரி, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தை எத்தனை தடவை எண்ணினேன் என்று எனக்கே தெரியாது. நாலு. நாலுதான். அந்த நாலும் 'ஆர்' ஆகியிருந்தால் என்ற கணக்கைப் பெரியம்மா என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பில்லைப் பார்த்துப் பெரியப்பா வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கைமாத்துக் கதையை மண்டிக் கணக்காகவே சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்தார்.

"அப்போ இத்தன வருசமா வட்டி கெட்டினது நானு. கடன் வாங்கினது எவனோ."

"உங்க மாத்திரையால அடுத்தவனும் கெட்டிருப்பான் பெரியப்பா."

"அதுஞ்சரிதாம்."

போன வாரம் அங்கே இருந்தபோது எதிர்வீட்டு அண்ணாச்சி திண்ணைக்கு வந்தார். "வே, பேரப்புள்ளைக்கு வயித்தால போவுது. ஒம்ம டப்பாவுல மாத்திரை ஏதும் கெடக்கா?"

பெரியப்பா உள்ளே போய்விட்டு வெளியே வந்தார். கையில் இரண்டு உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்.

"டப்பால்லாம் தீந்துபோச்சு வே. இதக் கரைச்சுக் குடும். நிக்கலன்னா டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போவும்."