காவலே ஆளைச் சாய்க்கும்!

ஆரணிப் பட்டுக்குத் தமிழ்நாட்டில் அறிமுகம் தேவை இல்லை. ஆனால் தறிக்கு வருமுன் அந்த நூல் படும் பாடு பலருக்குத் தெரியாது. புழு நூற்ற நூலின்மேல் ஒரு பசை இருக்கும். அதைச் சோப்பு நீரில் காய்ச்சிப் போக்குவார்கள்.

அந்தப் பசையும் கூட்டுத் தூசியும் சிலர் உடம்புக்கு ஆகாது. பட்டுக்கூட்டில் நூல் எடுப்போர் சிலருக்கு இளைப்பு வருவதைக் கர்நாடகத்திலும் இலங்கையிலும் டாக்டர்கள் கண்டிருக்கிறார்கள்.

பட்டில் விஷம் இல்லையே, பிறகு ஏன் இளைப்பு?

உடம்பில் ஒரு காவல் படை இருக்கிறது. கிருமிகளை விரட்டுவது அதன் வேலை. ஒருமுறை கண்ட பகையை அது எளிதில் மறக்காது. சிலரிடம் மட்டும் அது ஆளை மாற்றிப் பிடிக்கிறது! தூசி, வேர்க்கடலை, குளவிக் கொடுக்கு, ஏன், நோய்க்குப் போடும் ஊசி மருந்துகூட அதற்குப் பகையாகிவிடும்.

நாய் செத்த மர்மம்

பிரான்சு நாட்டு விஞ்ஞானிகள் ரிஷே, போர்ட்டியே இருவரும் கடல் சாமந்தி என்ற கடல் பிராணியின் விஷத்தை நாய்களுக்கு ஊசியில் ஏற்றினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் தாங்கும் சக்தி வளரும் என்பது அவர்கள் எண்ணம். நெப்டியூன் என்ற நாய் முதல் ஊசியைத் தாங்கிக்கொண்டது. சில வாரம் கழித்து மறுபடி ஊசி. 25 நிமிடத்தில் நாய் செத்தது!

பாவம், அதைக் கொன்றது விஷம் அல்ல. அதன் காவல் படையே. 1902-ல் இதை வெளியிட்டார்கள். ரிஷேக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது.

காவல் அணுக்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களைக் கொட்டுகின்றன. ரத்தக் குழாய்கள் விரிந்து, கசிகின்றன. வாய்க்காலை அகல வெட்டி, கரையிலும் ஓட்டை போட்டால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டுமா? அப்படித்தான் மூளைக்கு ரத்தம் எட்டாமல் போகிறது. டாக்டர்கள் ‘ஷாக்’ என்பது இதைத்தான். மனம் அதிர்வது வேறு.

குளவி கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் பயமில்லை. உடம்பெல்லாம் தடிப்பு, குரல் கம்மல், மூச்சுத் திணறல், மயக்கம் என்று வந்தால் ஆபத்து! ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் காலை நீட்டிச் சாய்ந்து உட்காரட்டும். நடக்க விடாதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள்.

ஆஸ்பத்திரியில் தொடையில் அட்ரினலின் ஊசி போடுவார்கள். அது விரிந்த குழாய்களைச் சுருக்கும். மூச்சுக்கு வழி திறக்கும். ஆள் தேறியதும் வீட்டுக்கு அவசரப்பட வேண்டாம். சில மணி நேரம் கழித்து அது மறுபடி வருவதுண்டு.