பீட்டில் எஞ்சினில் பறக்கும் டர்புலன்ட்

கார் எஞ்சினை வைத்து விமானம் பறக்குமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பறக்கும். வோக்ஸ்வாகன் பீட்டில் காரின் எஞ்சினில் பறக்கும் டர்புலன்ட், எனக்கு மிகப் பிடித்த சின்ன விமானம்.

பிரான்சின் ரோஜே ட்ரூயின் 1950களில் வடிவமைத்தது இது. மரச் சட்டம், இறக்கைக்குத் துணிப் போர்வை, ஒரே இருக்கை. காலி எடை ஏறக்குறைய 180 கிலோ. வரைபடம் வாங்கிச் சொந்தமாகவே கட்டிக்கொண்டவர்கள் பலர். இங்கிலாந்தில் ரொலாசன் நிறுவனம் தயாரித்தது. அந்த நிறுவனத்தின் நார்மன் ஜோன்ஸ் தொடங்கிய டைகர் கிளப் என்ற விமானிகள் சங்கத்தில் இது செல்லப்பிள்ளையாக இருந்தது. இளவரசர் பிலிப்பும் இதை ஓட்டியிருக்கிறார். 1960இல் அவர் சார்பாக விமானி ஜான் செவர்ன் கிங்ஸ் கப் விமானப் பந்தயத்தை வென்றதும் டர்புலன்டில்தான்.

எஞ்சினுக்கு வருவோம். பீட்டிலில் ரேடியேட்டர் கிடையாது, காற்றே குளிர்விக்கும். அந்த எடை மிச்சம். அதைவிடப் பெரிய வசதி அதன் நிதானம். விமான விசிறியை அளவுக்கு மீறிச் சுழற்றினால் அதன் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கும். இரைச்சல் கூடும், உந்துவிசை குறையும். வேறு பல கார் எஞ்சின்கள் என்றால் வேகத்தைக் குறைக்கப் பல்சக்கரப் பெட்டி வேண்டியிருக்கும். பீட்டிலோ நிமிடத்துக்கு 3000 சுற்றுகளை ஒட்டியே தேவையான சக்தியைக் கொடுத்துவிடும். சின்ன விசிறி ஒன்றை எஞ்சின் தண்டிலேயே நேராகப் பூட்டிவிடலாம். கிளப்புவதும் கையால்தான். எங்கள் ஊரில் மாமா கைப்பிடி போட்டுச் சுற்றிப் பம்புசெட்டைக் கிளப்புவாரே, அந்த மாதிரி விசிறியைப் பிடித்து இழுத்துவிட வேண்டும்.

இறக்கையின் முன்விளிம்பில், நுனிப்பக்கமாக, நீளவாக்கில் ஒரு இடுக்கு விட்டிருப்பார் ட்ரூயின். மெதுவாகப் பறக்கையில் கீழ்க்காற்று அதன் வழியே மேலேறி, இறக்கைப் பரப்பை விட்டு விலகப் பார்க்கும் காற்றோட்டத்தை ஒட்டவைக்கும். பக்கத்தில் ஆசிரியர் உட்கார இடமில்லாத விமானம். இதில் ஏறும் முதல் நாளே தனியாகத்தான் பறந்தாக வேண்டும். அப்படிப் பறப்பவருக்கு அந்த இடுக்கு பெரிய துணை.

இப்படிப்பட்ட விமானங்களைப் பொக்கிஷம் என்று சொல்லிக் கொட்டகையில் பூட்டிவைப்பது எனக்குச் சம்மதமில்லை. ஓடாத எஞ்சினின் உள்ளே துரு ஏறும். ஈரம் பட்ட மரத்தில் பசை இணைப்புகள் விட்டுக்கொடுக்கும். துணிக்கு அடியில் நடப்பதால் வெளியே தெரியாது. நாலைந்து பேர் பங்கு போட்டு வாங்கி, வாரந்தோறும் பறந்து, ஆண்டுதோறும் மூடிகளைக் கழற்றிப் பார்க்கிறவர்களின் கையில் டர்புலன்ட் இருக்கட்டும்.