முகக்கவசமும் முதல் மாதமும்

உங்கள் வீட்டில் குறட்டைவிட்டு உறங்குபவர் திடீரென மௌனமாகி, சற்று நேரம் கழித்துத் திணறலோடு மூச்சிழுப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? அந்த மௌனம் நல்லுறக்கம் அன்று. தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுவழி அடைபடுகிறது. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றுபோகிறது. ஒரு மணி நேரத்தில் 30 தடவைக்கு மேல் இவ்வாறு நேருமாயின் நோய் கடுமையானது என்பர் மருத்துவர். பகலில் கண் சொருகும். பண்ணைப் பாலத்தில் வாகனம் ஓட்டுபவருக்கும் கடலில் சுக்கான் பிடிப்பவருக்கும் அதன் ஆபத்தை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

சிட்னி நகர மருத்துவர் கொலின் சலிவன் இதற்கு வழி கண்டு, ஐந்து நோயாளரின் அனுபவத்தை 1981ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் வெளியிட்டார். மூக்கு வழியே இடைவிடாது செலுத்தப்படும் காற்றின் அழுத்தம் தொண்டையைத் திறந்து வைக்கிறது. சீபாப் எனப்படும் இயந்திரத்தின் தத்துவம் இவ்வளவே. அந்நாளில் கவசத்தை முகத்தோடு பசையிட்டு ஒட்டினார்களாம்!

இன்றைய கவசம் மென்மையானது. ஆயினும் மூன்றாம் இரவிலேயே அதைக் கழற்றிக் கட்டிலின் கீழ் தள்ளிவிடுபவர் உண்டு. அவர்களைக் குறைகூற மனம் வரவில்லை. நெடுந்தீவில் படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, பேருந்தில் யாழ்ப்பாணம் சென்று, காத்திருந்து பெற்ற பொருள் அது. உறக்கம் தருமென நம்பிய அதுவே உறக்கத்தைக் கெடுத்தால் யாருக்குத்தான் சினம் வராது?

முதலில் பகலில் பழகுங்கள். விழித்தபடி, வானொலி கேட்கையிலோ செபமாலை சொல்கையிலோ, அரைமணி நேரம் அணிந்திருங்கள். அழுத்தம் மெல்ல மெல்லக் கூடும் அமைப்பு பல இயந்திரங்களில் உண்டு, அதைக் கேட்டறியுங்கள். மூக்கு வறண்டால் ஈரப்பதமூட்டியை இணைக்கலாம். காற்றுக் கசிந்தால் வாரை இறுக்கத் தோன்றும். அளவு மீறி இறுக்கினால் கசிவு கூடுவதோடு கன்னமும் புண்ணாகும். கவசத்தின் அளவை மாற்றிப் பார்ப்பதே மேல். அழுத்தத்தை மட்டும் மருத்துவரைக் கேளாமல் மாற்றாதீர்கள்.

மின்சாரம் நின்றுபோனால்? நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குச் சூரிய, காற்றாலை மின்சாரம் வழங்க 2024 மார்ச்சில் உடன்படிக்கை கைச்சாத்தானது. ஆயினும் மின்தடை எங்கும் நேரும். அப்போது கவசத்தைக் கழற்றிவிட்டு ஒருக்களித்துப் படுங்கள்.

இறைவாக்கினர் எலியா சூரைச்செடியின் அடியில் சாவை வேண்டிப் படுத்தபோது, வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உறங்கியவரை எழுப்பி உணவு கொடுத்தார். அவர் மறுபடியும் படுத்தபோதும் பொறுத்திருந்து, இரண்டாம் முறை வந்து எழுப்பினார். வீட்டிலுள்ளோரின் பொறுமையும் அத்தகையதாக இருக்கட்டும். யானைத் தும்பிக்கை என்று பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இரவில் அருகிலிருந்து மூச்சை எண்ணிக் களைத்த மனைவிக்கும் இது சிகிச்சைதான்.

இரவுக்கு நான்கு மணி நேரம், பத்து இரவுகளில் ஏழு இரவு என்பதே ஒழுங்கான பயன்பாட்டுக்கு மருத்துவர் வழக்கமாகக் கொள்ளும் குறைந்தபட்ச அளவு; முழு இரவும் அணிந்தால் பயன் இன்னும் மிகுதி. இன்றிரவு ஒரு மணி நேரமே முடிந்ததென்றால் அதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அடுத்த முறை யாழ்ப்பாணம் செல்கையில் அந்த நாட்காட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.