நேற்றைக்குத் திரும்பும் சேர்வர்

ஆலங்குடாவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தனியார் நிறுவனமொன்றில் கணக்கு வேலை பார்ப்பவர். கணினி பிடிபடும் என்பதால் கந்தோரின் சேர்வரும் அவர் பொறுப்பில் வந்து சேர்ந்துவிட்டது. போன வருடம் மென்பொருளைப் புதுப்பிப்பதற்கு முன் யாரோ, சேர்வர் அப்போதிருந்த நிலையைப் பிடித்துவைக்கும் ஒரு ஸ்னப்ஷொட்டை எடுத்துவைத்திருக்கிறார்கள். அதன்பின் அதை ஒருவரும் தொடவில்லை. மாதாமாதம் சேர்வர் மந்தமாகி, கடைசியில் டிஸ்க் நிறைந்து ஒரு நாள் காலையில் அப்படியே நின்றுவிட்டது. “அந்த ஸ்னப்ஷொட்டை அழிக்கலாமா? அழித்தால் இந்த ஒரு வருடக் கணக்கும் போய்விடுமா?” என்பது அவர் கேள்வி.

ஒரு பெட்டிக்குள் மென்பொருளாலேயே ஆன ஐந்தாறு மெய்நிகர் கணினிகளை ஓடவிடுவது இன்று சின்னக் கந்தோர்களிலும் வழக்கம்தான், அவருடைய சேர்வரும் அப்படி ஒன்றுதான், அதனால் நேராக ஸ்னப்ஷொட்டுக்கே வருகிறேன். கற்பிட்டிக் கடைத்தெருவில் வாப்பா கடை வைத்திருந்த காலத்தில் பற்று எழுத ஒரு பெரிய கொப்பி இருந்தது. வருடக் கணக்குப் பார்க்க அந்தக் கொப்பி கணக்குப்பிள்ளையிடம் போய்விட்டால், அன்றாடப் பற்றுகளைத் துண்டுத்தாள்களில் எழுதி ஒரு கம்பியில் குத்திவைப்பார். யாராவது வந்து “என் பாக்கி எவ்வளவு?” என்று கேட்டால் முதலில் துண்டுகளைப் பார்க்க வேண்டும், அதன்பிறகுதான் கொப்பி. ஸ்னப்ஷொட் எடுத்த கணத்தில் நடப்பதும் இதுதான். பழைய டிஸ்க் கோப்பு மூடப்படுகிறது; அதில் இனி ஓர் எழுத்தும் விழாது. புதிதாக எழுதப்படுவதெல்லாம் பக்கத்தில் பிறந்த ஒரு வித்தியாசக் கோப்பில் சேர்கிறது. மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விஎம்வெயார் என்ற மென்பொருளில் அதன் பெயர் 000001 என்ற இலக்கத்தோடு முடியும். மைக்ரோசொஃப்டின் அதுபோன்ற மென்பொருளான ஹைப்பர்-வி அதே வேலைக்கு ஏவிஎச்டிஎக்ஸ் கோப்பை வைத்துக்கொள்கிறது. அந்தக் கோப்பு, மூல டிஸ்க்கின் முழு அளவுக்கே வளரக்கூடியது. ஆலங்குடா சேர்வரில் டிஸ்க் நிறைந்தது இப்படித்தான்.

ஆகவே, அழிக்கலாம். அழித்தால் கணக்கு போகாது. துண்டுத்தாள்களை எல்லாம் கொப்பியில் ஏற்றிவிட்டுக் கம்பியைக் காலியாக்குவதுதான் அந்தக் கட்டளை. ஆபத்து இருப்பது பக்கத்துப் பொத்தானில். “பழைய நிலைக்குத் திரும்பு” என்பதை அழுத்தினால் துண்டுகள் கிழித்தெறியப்படும். ஒரு வருடக் கணக்கு அந்த நொடியே இல்லாமல் போகும். பயத்தில் கை தவறுவது இந்த இடத்தில்தான்.

ஆனால் டிஸ்க் முழுதாக நிறைந்த நிலையில் அழிக்கச் சொன்னாலும் நடக்காது, ஏனென்றால் ஏற்றி எழுதுவதற்கும் இடம் வேண்டும். முதலில் வேறொரு மெய்நிகர் கணினியையோ, கிடக்கும் நிறுவல் கோப்புகளையோ இன்னொரு டிஸ்க்குக்கு நகர்த்தி இடம் உண்டாக்குங்கள். இடமே கிடைக்காவிட்டால் முழுக் கணினியையும் வெளி டிஸ்க்கில் ஒரு நகலாக்குங்கள். நகலெடுக்கும்போதே கொப்பியும் துண்டும் ஒன்றாகிவிடும். ஒரு வருடத் துண்டு கொப்பியில் ஏற மணிக்கணக்காகலாம். பாதியில் பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டாம். எந்த நிலையிலும் கோப்பு அடைவுக்குள் போய் அந்த வித்தியாசக் கோப்பைக் கையால் அழிக்கவே கூடாது. ஒரு ஸ்னப்ஷொட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள் என்று விஎம்வெயார் தன் கையேட்டில் எழுதியிருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக 32 வரை அடுக்க அது அனுமதித்தாலும் இரண்டு மூன்றோடு நிறுத்துமாறுதான் சொல்கிறது.

பட்டியலில் ஸ்னப்ஷொட் எதுவும் தெரியாமலே டிஸ்க் வீங்குவதும் உண்டு. இரவில் ஓடும் பெக்கப் மென்பொருள், தன் வேலைக்காகத் தற்காலிகமாக ஒரு ஸ்னப்ஷொட் எடுக்கும். முடித்ததும் அதை நீக்கவேண்டும். இடையில் இணைப்பு அறுந்தாலோ, கோப்பை வேறொன்று பிடித்துவைத்திருந்தாலோ நீக்கம் தவறி, கோப்பு மட்டும் அநாதையாக நின்றுவிடும். டிஸ்க்குகளை ஒருங்கிணைக்க வேண்டும் என்ற மஞ்சள் எச்சரிக்கை விஎம்வெயாரில் அப்போதுதான் வரும். அதைப் பார்த்துவிட்டு அடுத்த திரைக்குப் போய்விடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுப்பதில்லை. இன்னொரு கோளாறு, மூல டிஸ்க்கை யாராவது தனியே எடுத்து வேறு கணினியில் பொருத்தித் திறந்துவிடுவது. மூலக் கோப்பு மாறிவிட்டது, பிள்ளைக் கோப்பு அதோடு பொருந்தவில்லை என்று பிறகு இயந்திரம் எழும்ப மறுக்கும். அந்த நிலையில் முதல் வேலை இருக்கிற கோப்புகளை எல்லாம் அப்படியே ஒரு பிரதி எடுத்துவைப்பது. திருத்தப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்த விடயத்தில் என்னைப் பல வருடங்களாக விடாமல் பிடித்துவைத்திருக்கும் விநோதம் ஒன்று உண்டு. பழைய ஸ்னப்ஷொட்டுக்குத் திரும்பிய கணினிக்குத் தான் திரும்பி வந்தது தெரியாது. அதைப் பொறுத்தவரை நேற்று என்று ஒன்று நடக்கவே இல்லை. தனியாக வாழும் கணினிக்கு இதனால் பெரிய தீங்கில்லை. நாலு பேரோடு பேசிப் பழகும் கணினிக்கு இது பேராபத்து.

பெரிய கந்தோர்களில் யார் உள்ளே வரலாம், யாருடைய கடவுச்சொல் எது என்று வைத்திருப்பது மைக்ரோசொஃப்டின் அக்டிவ் டைரக்டரி. அதைத் தாங்கும் சேர்வர்கள் குறைந்தது இரண்டு இருக்கும்; ஒன்றில் செய்த மாற்றத்தை மற்றது கேட்டு வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏறுவரிசையில் ஓர் இலக்கம் உண்டு. முதல் சேர்வர் 5,000 வரை எழுதிவிட்டது, இரண்டாவது அதை வாங்கி “5,000 வரை என்னிடம் உண்டு” என்று குறித்துவைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது யாரோ முதல் சேர்வரைப் பழைய ஸ்னப்ஷொட்டுக்குத் திருப்புகிறார்; அதன் இலக்கம் 4,000 ஆகிறது. அன்று மாலை புதிய ஊழியர் ஒருவரைச் சேர்க்கிறார்கள், இலக்கம் 4,001. இரண்டாவது சேர்வர் வந்து “5,000க்குப் பின் ஏதும் புதிதாக உண்டா?” என்று கேட்கிறது. இல்லை என்கிறது முதலாவது. இரண்டும் உண்மையே பேசுகின்றன. ஆனால் அந்த ஊழியரின் பெயர் மற்றதைப் போய்ச் சேரவே சேராது. இலக்கம் மீண்டும் 5,000த்தைத் தாண்டும்போது உரையாடல் ஒன்றுமே நடக்காததுபோல் தொடரும். நடுவில் விழுந்த ஆயிரம் மாற்றங்கள் ஒரு பக்கம் மட்டும் இருக்கும்.

சேர்வர் இதைக் கண்டுபிடித்துவிட்டால் 2095 என்ற இலக்கத்தோடு ஒரு நிகழ்வைப் பதிந்துவிட்டு, மற்றவற்றோடு பேசுவதையே நிறுத்திக்கொள்ளும். கண்டுபிடிக்காத சந்தர்ப்பங்களும் உண்டு. மைக்ரோசொஃப்ட் இதற்குத் தந்த தீர்வு விண்டோஸ் சேர்வர் 2012இல் வந்தது. மெய்நிகர் கணினிக்கு வெளியே, அதைத் தாங்கும் ஹைப்பர்வைசர், ஒரு நீண்ட அடையாள எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். ஸ்னப்ஷொட்டுக்குத் திரும்பினால் அந்த எண் மாறிவிடும். உள்ளே இருக்கும் சேர்வர், தன்னிடம் பதிந்துவைத்த எண்ணோடு அதை ஒப்பிட்டு, வேறாக இருந்தால் தன் பழைய அடையாளத்தைக் கைவிட்டுப் புதிய ஒன்றை எடுத்துக்கொள்ளும். மற்ற சேர்வர்களும் அதைப் புதியவராகக் கருதி எல்லாவற்றையும் புதிதாகக் கேட்டு வாங்கும். தான் காலத்தில் பின்னே போனதை ஒரு கணினி உள்ளிருந்தபடி அறிய வழியில்லை, வெளியிலிருந்து ஒருவர் சொல்லித்தான் ஆகவேண்டும். இந்த ஏற்பாடு அதை ஒப்புக்கொண்டு கட்டப்பட்டது என்பதால்தான் எனக்கு இதன்மேல் இத்தனை பிரியம். இதே கோளாறின் சிறிய வடிவத்தைச் சாதாரணக் கணினியிலும் காணலாம். விண்டோஸ் கணினிகள் வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை சேர்வரோடு தமக்குள்ள இரகசியக் கடவுச்சொல்லைத் தாமே மாற்றிக்கொள்ளும். இரண்டு மாதம் பழைய ஸ்னப்ஷொட்டுக்குத் திரும்பினால் சேர்வர் அதை அடையாளம் காணாது.

ஸ்னப்ஷொட்டுக்கு அப்பால் பிரதி எடுக்கும் வழிகளில், எக்ஸ்போர்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கணினியை முழுதாக வெளியே எழுதி எடுக்கும் வழி அது. ஹைப்பர்-வியில் 2012 ஆர்2 முதல் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்கலாம். எடுக்கும்போதோ திரும்ப ஏற்றும்போதோ தவறுவது பெரும்பாலும் மூன்று காரணங்களால்: போகும் இடத்தில் இடமின்மை, இல்லாமல் போன ஒரு நிறுவல் கோப்பு இன்னும் இணைப்பில் இருப்பது, புதிய பெட்டியில் வலையமைப்பின் பெயர் வேறாக இருப்பது. விஎம்வெயாரில் ஓவிஎஃப் என்ற கோப்பு வடிவத்தில் எடுக்கும் எக்ஸ்போர்ட்டோடு வரும் சின்னக் கோப்பில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். பென்டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ கொண்டுபோகும்போது அந்த எண்ணைச் சரிபாருங்கள்.

ரெப்ளிகேஷன் வேறு. இன்னொரு ஊரில் உள்ள சேர்வருக்கு மாற்றங்களைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருப்பது. ஹைப்பர்-வியில் 30 விநாடிக்கொருமுறை, 5 நிமிடம், 15 நிமிடம் என்று மூன்று இடைவெளி உண்டு. கற்பிட்டியிலிருந்து கொழும்புக்கு முதல் முழுப் பிரதியையும் இணையத்தில் தள்ள முயல்வது வீண். வெளி டிஸ்க்கில் எழுதி பஸ்ஸில் கொண்டுபோய் ஏற்றலாம், அதற்கான தெரிவு உள்ளேயே இருக்கிறது. இணைப்பு விழுந்திருக்கும் நேரத்தில் அனுப்பாத மாற்றங்கள் ஒரு பதிவுக் கோப்பில் குவியும்; அது அளவு மீறினால் இரு பக்கத்தையும் முழுதாக ஒப்பிட்டுப் பார்க்கும் மறுஒத்திசைவு தேவைப்படும். மின்சாரம் திடீரென்று போவதும் அதற்கு வழிவகுக்கும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட, நாடே இருண்டது. எங்கள் கற்பிட்டித் தீபகற்பத்திலேயே இருக்கும் நுரைச்சோலை லக்விஜய நிலையத்தின் மூன்று இயந்திரங்களும், 900 மெகாவாட், நின்றன. அவை திரும்ப எழும்பும்வரை அடுத்த நாட்களிலும் மின்வெட்டு. இத்தனை அருகே மின்நிலையம் இருப்பதை நம்பி யூபிஎஸ் வாங்காமல் இருந்தவர்களின் சேர்வர்களுக்கும் அதே கதிதான்.

ரெப்ளிகேஷனை பெக்கப் என்று நம்புவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. இங்கே ஒருவர் கோப்பை அழித்தால் அந்த அழிப்பும் அரை நிமிடத்தில் அங்கே போய்விடும். கப்பம் கேட்கும் ரான்சம்வெயார் இங்கே பூட்டியது அங்கேயும் பூட்டப்படும். பழைய மீட்புப் புள்ளிகளை வைத்துக்கொள்ளச் சொன்னாலும் ஹைப்பர்-வி காப்பது 24 மணி நேரம்தான்.

இணைந்தே இருக்கும் பிரதியை நம்பியதற்கு இலங்கை அரசாங்கமே விலை கொடுத்திருக்கிறது. 2023 ஓகஸ்ட் 26 அளவில் அரச மேகக் கணிமையான லங்கா கவர்ன்மென்ட் கிளவுடை ஒரு ரான்சம்வெயார் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரசின் இணைய முகவரியில் இயங்கிய ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. கணினியோடு இணைந்தே இருந்த பெக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டது. சேவையைப் 12 மணி நேரத்துக்குள் திரும்ப எழுப்பிவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்களுக்குப் பிரதி எங்கும் இல்லை. அங்கே ஓடியது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013, அதற்குள் ஆதரவு முடிந்துபோன பதிப்பு. 2021 முதலே புதுப்பிக்கத் திட்டமிருந்தும் பணமின்மையாலும் பணிப்பாளர் சபை முடிவுகளாலும் தள்ளிப்போனதாகப் பொறுப்பான தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் சொன்னது. இணைப்பில்லாத பெக்கப்பைத் தினமும் எடுக்கத் தொடங்குவோம் என்றார்கள். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட அரச கடிதங்கள் போனபிறகு வந்த அறிவிப்பு அது. பொருளாதார நெருக்கடிக் காலம் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு வெளி டிஸ்க்கைக் கழற்றி அலுமாரியில் பூட்டிவைப்பதற்குச் சபை முடிவு எதற்கு?

பிரதி இல்லாமல் இழப்பது பணக்கார நாட்டிலும் நடக்கிறது. தென்கொரியாவின் டேஜோன் நகரில் 2025 செப்டெம்பர் 26ஆம் திகதி அரசின் தரவு நிலையத்தில் மின்கலங்கள் தீப்பிடித்தன. 709 அரச கணினி அமைப்புகள் நின்றன. அரச ஊழியர்களின் கோப்புகள் இருந்த ஜி-டிரைவ் என்ற களஞ்சியம் அங்கே எரிந்தது. 858 டெராபைட், வேறிடத்தில் பிரதி இல்லை. இவ்வளவு பெரியதைப் பிரதியெடுக்க முடியாது என்று விட்டிருந்தார்கள்.

பிரதி வேறிடத்தில் இருக்கவேண்டும் என்பதை இந்தக் கரையில் உள்ளவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் மிகப் பலர் வந்து குடியேறியது புத்தளம், கற்பிட்டிப் பகுதியில்தான். காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இல்லாமல் வந்து, அவற்றின் பிரதி தேடிக் கந்தோர் கந்தோராக அலைந்த குடும்பங்கள் எங்கள் அயலிலேயே உண்டு. பதிவேட்டின் இரண்டாவது படி வேறொரு மாவட்டத்தில் இருந்தால் அதன் பெறுமதி என்ன என்று அவர்களைக் கேட்கலாம்.

ஆலங்குடா வாசகருக்குச் சொல்ல இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஸ்னப்ஷொட்டை நீக்கி, சேர்வர் ஓடத் தொடங்கியதும், ஒரு முழு எக்ஸ்போர்ட் எடுத்து வெளி டிஸ்க்கில் போட்டுக் கழற்றிவையுங்கள். இரண்டு டிஸ்க் வாங்கி வாரம் ஒன்றாக மாற்றுங்கள், ஒன்று எப்போதும் கந்தோருக்கு வெளியே இருக்கட்டும். பெக்கப் கணக்கின் கடவுச்சொல் சேர்வரின் கடவுச்சொல்லாக இருக்கக் கூடாது. மாதம் ஒருமுறை அந்தப் பிரதியை வேறொரு கணினியில் ஏற்றி, உண்மையில் எழும்புகிறதா, கணக்கு மென்பொருள் திறக்கிறதா, கடைசிப் பற்றுச்சீட்டு எந்தத் திகதியுடையது என்று பாருங்கள். ஏற்றும்போது வலையமைப்பு இணைப்பை எடுத்துவிட்டே ஏற்றவேண்டும். இல்லாவிட்டால் ஒரே பெயரும் ஒரே முகவரியும் கொண்ட இரண்டு சேர்வர்கள் கந்தோருக்குள் நின்று, மேசையில் இருப்பவர்களில் பாதிப் பேர் பழைய கணக்கில் எழுதத் தொடங்கிவிடுவார்கள்.